பன்னிரண்டு பாகத்துக்குக் கீழே

மடியில் ஒரு துணிப்பை வைத்திருக்கிறேன். உள்ளே ஒரு ரப்பர் வாய்த்துண்டு. கம்ப்ரசர் ஓஸின் நுனியில் மாட்டியிருக்குமே, சங்கு குளிக்கிறவர்கள் பல்லால் கடித்துக்கொண்டு மூச்சு வாங்குவது, அதுதான். பையின் வாயை இறுக்கிக் கட்டியும் வாடை நிற்கவில்லை. டீசல் புகை, உப்பு, காய்ந்த எச்சில். ஆஸ்பத்திரியின் பினாயில் நெடியையும் மீறிக்கொண்டு அது வருகிறது. உன் தோளில் கை போட்டால் என் சட்டையில் ஒட்டிக்கொள்ளும் அதே வாடை. இத்தனை வருடம் கழித்து அதை முகர்ந்ததும் எனக்கு அழுகை வரவில்லை. பையின் முடிச்சை இன்னொரு முறை இறுக்கினேன்.

உள்ளே சூசை படுத்திருக்கிறான். என் தம்பியை உனக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உன் வள்ளத்தில் நின்று உன் ஓஸைப் பிடித்திருந்தவன். நீ போனபிறகு அதே ஓஸைக் கடித்துக்கொண்டு தானே இறங்க ஆரம்பித்தவன். இன்று மதியம் இடது தோளை வலது கையால் தாங்கிக்கொண்டு கரையேறினான். இப்போது மூக்கில் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். டாக்டர் அவன் கால் விரலைக் கிள்ளி, தெரிகிறதா என்று கேட்டார். "தெரியுது. ஒரு மாதிரி தெரியுது" என்றான். அந்த ஒரு மாதிரி என்ற சொல்லைக் கேட்டதும் நான் வெளியே வந்து இந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

செத்தவர்களோடு பேசும் பழக்கம் எனக்கில்லை. கல்லறைத் திருநாளுக்குக்கூட உன் கல்லறைக்கு வருவதில்லை. உன்மேல் எனக்குள்ள கோபம் உனக்கே தெரியும். ஆனால் இன்று இந்தப் பயத்தை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொன்னால் முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் நீ ஒருவன்தான். அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டில் நேரியல் சார்பு நடத்தினார்கள். ஒன்று சீராகக் கூடும்போது இன்னொன்று சீராகக் கூடும், அல்லது சீராகக் குறையும். தாளில் வரைந்தால் நேர்கோடு. அவ்வளவுதான். தெரிந்த விஷயம் ஒன்றிலிருந்து ஓர் உதாரணம் எழுதி வரச் சொன்னார்கள். நான் மீன் ஏலக்கூடத்து ஐஸை எடுத்துக்கொண்டேன். ஐம்பது கிலோ ஐஸ் பாளம், மணிக்குப் பத்துக் கிலோ வீதம் கரைகிறது. அழகான கோடு, கீழ்நோக்கிச் சரிந்து இறங்கியது. எட்டாவது மணியில் எவ்வளவு மீதி என்று நானே ஒரு கேள்வி போட்டு, நானே விடை எழுதினேன்: மைனஸ் முப்பது கிலோ.

என் தாளை நீதான் முதலில் பார்த்தாய். காலேஜ் வாசல் டீக்கடையில் பெஞ்சு மேல் ஏறி நின்றாய்.

"ஏலே, எல்லாரும் இங்கன வாங்கலே. இவன் மைனஸ் ஐஸ் விக்கான். முப்பது கிலோ வாங்கிட்டுப் போனா வீட்ல இருக்க ஐஸும் சேந்து காணாமப் போயிரும்."

கடைக்காரர்கூடச் சிரித்தார். அன்றிலிருந்து பட்டம் வாங்கும்வரை எனக்கு அதுதான் பெயர். தேர்வு அறைக்குள்ளும் 'மைனஸ் ஐஸ்' என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீ இதையெல்லாம் மறந்துபோய்த்தான் செத்திருப்பாய். நான் மறக்கவில்லை.

அன்று பெஞ்சிலிருந்து இறங்கியதும் என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் வாங்கிய டீயையே குடித்துக்கொண்டு நீ சொன்னதையும் மறக்கவில்லை. "உள்ள எதப் போடலாம்னு மொதல்ல முடிவு பண்ணுலே. வெளிய என்ன வரும்ங்கிறது பெறவு தானா வந்து நிக்கும்." உள்ளே போடக்கூடியது மதிப்பகம், வெளியே வரக்கூடியது வீச்சகம். ஐஸ் ஐந்து மணி நேரத்தில் கரைந்துவிடும் என்றால், பூஜ்யத்திலிருந்து ஐந்து மணிவரைதான் அந்தக் கோட்டுக்கு உயிர். எடையும் ஐம்பதிலிருந்து பூஜ்யம்வரைதான். ஐந்துக்கு அப்பால் கோடு போகும். ஏனென்றால் அது கோடு, அதற்குத் தெரிந்ததெல்லாம் போவது மட்டும்தான். அங்கே ஐஸ் இல்லை. புத்தகத்தில் இரண்டு வரி வரையறையாகப் படித்தபோது ஏறாதது அன்று ஏறியது. அவமானத்தோடு ஏறியதால் இறங்கவே இல்லை.

அதற்குப் பிறகு நீ யார் எந்தக் கணக்குச் சொன்னாலும் ஒரே கேள்விதான் கேட்பாய். "எதுவரைக்கும்லே?" துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு அனுமதி ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்தபோது, வருடத்துக்கு இவ்வளவு ஏறினால் ஐம்பது வயதில் சம்பளம் இவ்வளவு இருக்கும் என்று ஆசையாகச் சொன்னேன். "எதுவரைக்கும்லே? ஆபீஸ் இருக்க வரைக்கும்தான?" என்றாய். ஆபீஸ் மூடிப்போனது. இப்போது வேறொரு கம்பெனியில், என்னைவிட இருபது வயது இளையவனுக்குக் கீழே அதே வேலையைச் செய்கிறேன். நீ சொன்னது பலித்ததையும் உன்மேலுள்ள குறைகளோடுதான் சேர்த்து வைத்திருக்கிறேன்.

நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் ஆசிரியர் வேலைக்கு நேர்முகம் போனோம். உனக்குக் கிடைத்தது. எனக்கு இல்லை. நீ ஒரு பருவம் போய்விட்டுத் திரும்பி வந்து, "நாலு செவுத்துக்குள்ள மூச்சு முட்டுதுலே" என்று சொல்லிவிட்டு உங்கள் அப்பாவின் வள்ளத்தில் ஏறினாய். நமது கரையில் முத்துக் குளிப்பு நின்று தலைமுறைகள் ஆகிவிட்டன. மிஞ்சியது சங்கு. கணக்கு வாத்தியார் வேலையை உதறிவிட்டுச் சங்கு எடுக்கப் போனவனை ஊர் கிண்டல் செய்யும் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் உன்னை மரியாதையாக 'வாத்தியார்' என்று அழைத்தார்கள். ஒரு பருவம் வேலை பார்த்த உனக்கு அந்தப் பெயர். அதற்காக ஆயுள் முழுக்க ஏங்கியவனுக்கு மைனஸ் ஐஸ்.

நான் கடற்கரையில் பிறந்து கடலுக்குப் பயந்தவன். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றாலே காலடியில் மணல் அரிக்கும்போது கரைக்கு ஓடி வந்துவிடுவேன். உனக்கு அது தெரியும். அடுத்தவர்கள் காதில் விழும்படி அதைச் சொல்லிச் சிரிப்பாய். பிளஸ் டூ தேறாமல் வீட்டில் இருந்த சூசையை என் வீட்டு வாசலில் வந்து நீ கூப்பிட்டபோது, நான் வேண்டாம் என்றேன். "ஒனக்குப் பயம்னா அவன் ஏம்லே வீட்ல கெடக்கணும்?" என்றாய். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உன் பின்னால் நடந்து போனான்.

கரையோரச் சங்கு குறையக் குறைய நீங்கள் ஆழமான பார்களுக்குப் போனீர்கள். கடலடிப் பாறைத்திட்டுக்குப் பார் என்று பெயர் என்பதே சூசை சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் படித்த படிப்பில் அது வரவில்லை. கீழே அதிக நேரம் இருந்துவிட்டு வேகமாக ஏறினால் உடம்புக்குள் காற்று குமிழி கட்டும், மூட்டைப் பிடிக்கும், நரம்பைப் பிடிக்கும். வலி வந்தவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. திரும்பவும் கடலில் இறங்கினார்கள். ஆழம் போகப்போக அழுத்தத்தில் குமிழி சுருங்கி வலி குறையும். கண்கூடாகக் குறையும். அதனால்தான் அந்தப் பழக்கத்தை யாராலும் விடமுடியவில்லை. உனக்கும் வலி வந்தது. நீயும் இறங்கினாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த வெள்ளைச் சட்டையோடு என்னைக் கரைக்கு இழுத்துப் போனாய். வர்ணம் அடிக்கக் கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் பக்கவாட்டில் சாக்பீஸால் இரண்டு அச்சு வரைந்தாய். கிடையாக ஆழம், இரண்டு கையை விரித்த நீளம் ஒன்று என்று நீங்கள் அளக்கும் பாகத்தில். செங்குத்தாக வலி, பத்துக்கு எத்தனை என்று.

"மேல இருக்கையில எட்டு. மூணு பாகத்துல ஆறு. ஆறு பாகத்துல நாலு. மூணு புள்ளியும் ஒரே கோட்டுல நிக்குது பாத்தியா?" உன் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். கோட்டை நீட்டிக்கொண்டே போனாய். அது பன்னிரண்டு பாகத்தில் கிடை அச்சைத் தொட்டது. "பன்னெண்டுல பூஜ்யம். வலியே கெடயாது."

உன் கேள்வியை நீ உன்னிடமே கேட்பாய் என்று காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. அதனால் நான் கேட்டேன்.

"எதுவரைக்கும்லே? பன்னெண்டுக்குக் கீழ போனா கோடு என்ன சொல்லும்? மைனஸ் வலியா? மைனஸ் வலின்னா என்னலே?"

நீ சாக்பீஸைத் தூக்கிப் போட்டுப் பிடித்தாய். சிரித்தாய்.

"சந்தோஷம்லே."

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என்னை ஊரெல்லாம் ஓட்டிய அதே தப்பு. ஐஸ் முடிந்த இடத்துக்கு அப்பாலும் ஐஸைத் தேடிய என் கோடு. வலி முடிந்த இடத்துக்கு அப்பால் உன் கோடு. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். "ஒனக்கு எப்பவும் பயம்தான், மைனஸ் ஐஸ்" என்று என் முதுகில் தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாய். உன் சாக்பீஸ் கையின் தடம் என் சட்டை முதுகில் இருந்தது. வீட்டுக்கு வந்து கழற்றும்போதுதான் பார்த்தேன்.

அடுத்து நடந்தது சூசை வாயால் கேட்டதுதான். இரண்டு காலிலும் வலி என்று நீ வள்ளத்தில் உட்கார்ந்திருந்தாய். கரைக்குப் போவோம் என்று அவன் சொன்னான். பன்னிரண்டில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருகிறேன் என்று இறங்கினாய். இடுப்பில் கட்டிய கயிற்றை ஒருமுறை சுண்டினாய். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சுண்டினாய். மேலே வந்தாய், வலி கூடியிருந்தது, திரும்ப இறங்கினாய். இந்த முறை பன்னிரண்டில் நிற்காமல் இன்னும் கயிறு கேட்டாய். கம்ப்ரசர் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கயிறு மட்டும் சுண்டவில்லை.

"வாத்தியாரு மொகத்துல வலியே இல்லண்ணே" என்று சூசை உன் அடக்கத்தன்று என் காதில் சொன்னான். "தூங்குத மாதிரி இருந்தாரு."

ஆறுதலாகத்தான் சொன்னான். எனக்கு ஆறுதலாக இல்லை. அன்று முதல் நான் பயப்படுவது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான். நீ அவனுக்கு விட்டுப்போனது வள்ளமோ ஓஸோ அல்ல, வலியில்லாத அந்த முகம். அது கடலுக்கு அடியில் அவனுக்காகக் காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். இரவில் காற்று திரும்பினால், அவன் வள்ளம் வரத் தாமதமானால், போனில் அவன் பெயர் வந்தால், எனக்கு அந்த முகம்தான் தெரியும்.

இன்று மதியம் அவன் மனைவி மெர்சி போன் செய்தாள். "அத்தான், கொஞ்சம் வாங்க. கையத் தூக்க முடியலங்காவ. ஆஸ்பத்திரிக்கி வரமாட்டேங்காவ." பைக்கில் போகும்போது உப்பளப் பக்கத்து ரோட்டில் இரண்டு இடத்தில் நிறுத்திவிட்டேன். இரண்டு முறையும் மெர்சியைக் கூப்பிட்டு, அவன் வீட்டில்தான் இருக்கிறானா என்று கேட்டேன்.

முற்றத்தில் ஓஸ் சுருட்டிக் கிடந்தது. சூசை பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்திருந்தான். உதடு வெளுத்திருந்தது.

"ஒண்ணுமில்லண்ணே. சாயந்தரம் ஒரு தடவ எறங்கி ஏறினா சரியாயிரும். வள்ளத்துக்குச் சொல்லிட்டேன்."

"ஆஸ்பத்திரிக்கு வாலே."

"அங்கன போனா ஊசியப் போட்டுப் படுக்க வப்பானுவ. பன்னெண்டுல பூஜ்யம். வாத்தியாரு போட்ட கணக்கு. நான் எறங்கிப் பாத்திருக்கேன், பொய்யில்ல."

உன் வாய் அவனுக்குள்ளிருந்து பேசியது. அந்த நிமிடம் நீ உயிரோடிருந்தால் உன்னை அடித்திருப்பேன். நான் பைக் சாவியை எடுத்து முற்றத்து மணலில் குந்தி உட்கார்ந்தேன். அச்சுகள் கோணலாக வந்தன. இருந்தாலும் உன் கோட்டை அப்படியே போட்டேன். அது எனக்கு மனப்பாடம்.

"இது பொய்யில்லலே. ஒத்துக்கிடுதேன். இப்ப மேல இருக்கையில ஒனக்கு வலி எத்தன?"

"எட்டு இருக்கும்."

"போன தடவ வந்துச்சே, அப்ப?"

யோசித்தான். "ஆறு."

"அதுக்கு முந்தி?"

"நாலு. சும்மா சுளுக்கு மாதிரிதான் இருந்துச்சு."

நாலிலிருந்து ஒரு கோடு போட்டேன். அதே சாய்வில் இறங்கி ஆறு பாகத்தில் அச்சைத் தொட்டது. ஆறிலிருந்து போட்ட கோடு ஒன்பது பாகத்தில் தொட்டது. எட்டிலிருந்து போட்டது பன்னிரண்டில். மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒன்றைவிட ஒன்று உயரத்தில். நீ ஒரு கோடுதான் பார்த்தாய், நான் மூன்றைப் பார்த்தேன் என்று எனக்கு அகந்தை ஒன்றும் வரவில்லை. ஒவ்வொரு முறை இறங்கி ஏறும்போதும் கோடு மேலே தள்ளிப்போகிறது. பூஜ்யம் ஆழத்துக்கு ஓடுகிறது.

"அடுத்த தடவ பத்துல ஆரம்பிச்சா, பதினஞ்சுல போய்த் தேடுவ. அதுக்கடுத்தது பத்துக்குள்ள அடங்காது, நானும் கோடு போட மாட்டேன். வாத்தியாரு பன்னெண்டுல ஏன் நிக்கல தெரியுமா? அங்கன பூஜ்யம் இல்ல. இன்னும் கீழ போயிட்டுது. அதான் கயிறு கேட்டான்."

சூசை மணலையே பார்த்தான். "இருந்தாலும் கீழ வலி இல்லல்லாண்ணே."

அப்போதுதான் மெர்சி வாசல்படியிலிருந்து இறங்கி வந்தாள். கணக்கில் அவள் பத்தாவதில் தோற்றவள் என்று அவளே சொல்லுவாள். கோடுகளைச் சுற்றி நடந்து வந்து நின்றாள்.

"அத்தான், இந்தப் படத்துல நான் எங்கன இருக்கேன்?"

நான் செங்குத்து அச்சைக் காட்டினேன். "இங்க. பூஜ்யம் பாகத்துல."

"சோறு?"

"அதுவும் இங்கதான்."

"பெறவென்ன?" என்று அவன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, பன்னெண்டு பாகத்துல ஒங்களுக்கு யாரு சோறு போடுவா? அங்கன ஒரு வீடு பாத்துட்டீயன்னா சொல்லுங்க, நானும் சட்டிபானையத் தூக்கிட்டு வாரேன்."

சிரிக்க முயன்றான். தோள் இழுத்தது, சிரிப்பு பாதியில் நின்றது. அவள் குனிந்து ஓஸின் நுனியிலிருந்து இந்த வாய்த்துண்டை முறுக்கிக் கழற்றி என் கையில் வைத்தாள். அவன் தடுக்க எழுந்தான்; வலது கால் மடங்கியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, தன் காலை யாரோ ஒருவருடைய கால் மாதிரி பார்த்தான். நான் பார்த்தவற்றிலேயே பயங்கரமான பார்வை அது. நீயும் உன் காலை அப்படித்தான் பார்த்திருப்பாய்.

"அண்ணே" என்றான். "அந்தச் சட்டைய மாட்டி வுடு. போவோம்."

ஆட்டோவில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். உன் கோட்டின் வீச்சகத்தில் வலியில்லாத இடம் இருந்தது உண்மை. ஆனால் மனிதன் குடியிருக்கக்கூடிய ஆழம் என்று மதிப்பகத்தை வெட்டினால், மிஞ்சுவது மேல்மட்டம் என்ற ஒரே ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளிக்கு எட்டு என்ற ஒரே ஒரு விடை. மற்றதெல்லாம் போய்வருகிற இடம். உள்ளே எதைப் போடலாம் என்று முதலில் முடிவு செய்யச் சொன்னவன் நீ. உன் உடம்பைப் போடும்போது மட்டும் அதைச் செய்யாமல் விட்டாய். அன்று நான் கேட்டேன். நீ சிரித்தாய். இதை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வரவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். இன்று மணலில் குந்தியபோது என் கையில் இருந்தது என் படிப்பல்ல. அந்த டீக்கடை பெஞ்சு, உன் ஏளனம், நீ எனக்குள் ஆணியாக அறைந்துவிட்டுப் போன அந்த ஒற்றைக் கேள்வி. ஊர் அதைப் பயம் என்றது. நீயும் பயம் என்றாய். இருக்கட்டும். என்னிடம் இருப்பது அதுதான்.

விளக்குப் போட்டுவிட்டார்கள். டாக்டர் இரண்டு முறை வந்து போனார். கரையிலேயே குமிழியைச் சுருக்கும் அழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியிருக்குமா என்று பார்த்துத்தான் சொல்வாராம். முதல் முறை, "வலி பத்துக்கு எத்தன?" என்று கேட்டபோது சூசை எட்டு என்றான். இப்போது கேட்டதற்கு ஆறு என்றான். சொல்லிவிட்டு, கண்ணாடிக் கதவு வழியே என்னைத் தேடிப் பார்த்தான்.

இரண்டு புள்ளிகள் கிடைத்துவிட்டன. இரண்டு போதும் ஒரு கோடு போட. விடிவதற்குள் நாலு, இரண்டு, பூஜ்யம் என்று கோட்டை நீட்டக் கை துடிக்கிறது. மருந்துச் சீட்டின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. அவனுடைய மடங்கிய காலைப் பற்றி எந்தக் கோடும் ஒன்றும் சொல்லாது என்பதும் தெரியும்.

நான் வரையவில்லை. பையை மடியில் இறுக்கிக்கொண்டு, டாக்டர் மூன்றாம் முறை கேட்பதற்காக உட்கார்ந்திருக்கிறேன்.